பிளாஸ்டிக் மாதிரி விமானம்: கோடிடுதலும் நிறைவுப் பணிகளும்

பெட்டியைப் பிரித்து, உறுப்புகளைச் சட்டகத்திலிருந்து நறுக்கி எடுத்து, பசையிட்டு ஒட்டினால் மாதிரி விமானம் ஒன்று உருவாகிவிடுகிறது. வண்ணமும் பூசி மேசைமீது வைக்கிறோம். ஆயினும் அது விமானமாகத் தோன்றுவதில்லை. விளையாட்டுப் பொருளாகவே தோன்றுகிறது. இக்குறையை உணர்ந்த பிள்ளைகள் பலர் அத்துடன் ஆர்வம் இழந்து, அடுத்த பெட்டியைப் பிரிக்காமலே விட்டுவிடுகின்றனர். குறை ஒட்டுவதில் இல்லை. ஒட்டியபின் செய்யவேண்டிய பணிகளை நாம் அவர்களுக்குக் கற்பிப்பதில்லை என்பதே காரணம். அப்பணிகளுள் தலையாயது, விமானத்தின் உடலில் உள்ள தகட்டுக் கோடுகளைத் தெளிவுபடுத்துவது. மாதிரிக் கலைஞர்கள் இதனைப் ‘பேனல் கோடு’ இடுதல் என்பர். கோடிடும் முறையையும், அதனைத் தொடரும் நிறைவுப் பணிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

பாடத்துக்கு எங்கள் வீட்டு மாதிரி ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம். அதில் நாங்கள் செய்த பெரும் பிழையும் இப்பாடத்தின் ஒரு பகுதியாகும்.

எங்கள் தந்தையார் கோலார் தங்கவயலில், சுரங்கப் பணிமனையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். சாம்பியன் ரீஃப் பகுதியின் லைன் வீட்டில் பிறந்து, பின்னர் ராபர்ட்சன்பேட்டையில் குடியேறியவர். ஒருமுறை பெங்களூர் சென்று திரும்பியபோது மிக் 21 விமானத்தின் மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். எங்களுக்காக வாங்கியது என்று சொன்னாலும், அதில் கைவைத்தவர் அவர்தாம். உடலையும் இறக்கைகளையும் ஒட்டி முடித்தார், வண்ணம் பூசவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கத் தொழில் அன்றுடன் நின்றது. தந்தையார் தம் கருவிகளை எண்ணெய் துடைத்துத் தகரப் பெட்டியில் அடுக்கினார். அவற்றோடு அந்த விமானத்தையும் துணியில் சுற்றி வைத்தார். அதன்பின் அவர் அப்பெட்டியைத் திறக்கவேயில்லை. அவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்து, எங்கள் மகள் அதைத் திறந்தாள்.

கோடு என்பது யாது?

விமானத்தின் மேற்பரப்பு ஒரே தகட்டால் ஆனதன்று. அலுமினியக் கலவைத் தகடுகள் பலவற்றை உட்சட்டத்தின்மேல் பொருத்தித் தறையாணி அடித்து இணைக்கின்றனர். இரு தகடுகள் சந்திக்கும் இடமே கோடாகத் தெரிகிறது. இவற்றுடன் எரிபொருள் நிரப்பும் மூடி, மின்கருவிப் பெட்டியின் கதவு, பராமரிப்புத் திறப்புகள் ஆகியவற்றின் விளிம்புகளும் கோடுகளாகவே அமைகின்றன. எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் அறிந்து இட்ட கோடு கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும்.

பழைய மாதிரிப் பெட்டிகளில் இக்கோடுகள் மேடாக, நூல் ஒட்டியதுபோல் புடைத்திருக்கும். பிற்கால அச்சுகளில் அவை பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கும். பள்ளக் கோடே உண்மைக்கு அண்மையானது. நீர்த்த வண்ணம் தேங்குவதற்கும் அதுவே ஏற்றது. தந்தையார் வாங்கிய பெட்டி பழைய வகையைச் சேர்ந்தது. அவர் புடைத்த கோடுகளை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, அதே இடங்களில் பணிமனை ஸ்க்ரைபரால் பள்ளக் கோடுகள் கீறியிருந்தார். இரு இறக்கைகளிலும் பணி முடிந்திருந்தது. உடற்பகுதியில் பாதிவரை வந்திருந்தது. இரும்புத் தகட்டில் அளவு குறிக்கப் பயன்பட்ட கருவி, விரல் நீள இறக்கையில் அத்தனை நுட்பமாக ஓடியிருந்தது.

அளவுக் கணக்கு

மிக் 21 விமானத்தின் இறக்கை, முனைக்கு முனை 7.15 மீட்டர். 72இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் அது ஏறத்தாழ 10 சென்டிமீட்டராகிறது. இக்கணக்கைக் கோட்டுக்கும் போட்டுப் பார்ப்போம். உண்மை விமானத்தில் தகடுகளுக்கு இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொண்டால், மாதிரியில் அது 0.04 மில்லிமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. மாறாக, மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் கோடிட்டால், உண்மை விமானத்தில் அது 14.4 மில்லிமீட்டர் பிளவாகும். விரல் நுழையும் அளவு பிளவுள்ள விமானம் பறக்குமா?

ஆகவே நாம் இடும் கோடு, அளவு தவறிய கோடே. கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அகலத்தை மிகுதியாக்குகிறோம். அதற்கு ஈடாக நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். கறுப்பு மையால் எல்லாக் கோடுகளையும் நிரப்பினால் மாதிரி கட்டம்போட்ட தாளாகிவிடும். தொடக்க நிலையில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுவே.

கோடு கீறுதல்

இரு பாதிகளை ஒட்டி இணைப்பைத் தேய்க்கும்போது, அருகிலுள்ள கோடுகளும் அழிந்துபோகும். அவற்றை மீண்டும் கீறவேண்டும். கூரிய ஸ்க்ரைபர் அல்லது கைப்பிடியில் பொருத்திய தையல் ஊசி போதுமானது. எழுத்துப் பொறிக்கும் தடித்த பிளாஸ்டிக் நாடாவை வெட்டி ஒட்டினால், வளைந்த பரப்பிலும் அது அளவுகோலாக உதவும்.

முதல் இழுப்பில் ஊசியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கூடாது. அவ்விழுப்பு பாதையை மட்டும் வகுக்கட்டும். அடுத்து வரும் ஐந்தாறு இழுப்புகள் ஆழத்தைத் தரும். ஒரே இழுப்பில் ஆழம் தேடினால் ஊசி பாதை மாறி ஓடிவிடும். கீறியபின் இருபுறமும் எழும் பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பழைய பல்துலக்கியால் தூளை நீக்கவேண்டும். கோடு தவறிச் சென்றால் அவ்விடத்தில் பசையோ புட்டியோ நிரப்பி, நன்கு காய்ந்தபின் தேய்த்து மீண்டும் கீறலாம்.

அடுக்குகளின் ஒழுங்கு

கோடிடுவதற்கு முன் பரப்பை ஆயத்தப்படுத்தவேண்டும். வரிசை பின்வருமாறு:

1. சோப்பு நீரில் கழுவி உலர்த்துதல். அச்சு எண்ணெயும் கைப்பிசுக்கும் நீங்கினால்தான் வண்ணம் பற்றும்.
2. பிரைமர் பூச்சு. தேய்ப்புத் தழும்புகளை இது காட்டிக்கொடுக்கும்.
3. அடிப்படை வண்ணம்.
4. பளபளப்பு வார்னிஷ்.
5. ஒட்டுப்படங்கள்: வட்டச் சின்னம், எண்கள் முதலியன. அவற்றைக் காக்க மீண்டும் ஒரு மெல்லிய பளபளப்புப் பூச்சு.
6. கோடுகளில் நீர்த்த வண்ணம் இடுதலும் துடைத்தலும்.
7. மங்கல் வார்னிஷ்.
8. புகைக்கறை, தூசி முதலிய இறுதித் தொடுகைகள்.

இடையில் பளபளப்பு எதற்கு என்று கேட்கலாம். மங்கலான பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது. அதன்மேல் நீர்த்த வண்ணம் பட்டால் கோட்டுக்குள் ஓடாமல் சுற்றிலும் பரவிக் கறையாகப் படியும். ஒட்டுப்படத்தின் அடியிலும் காற்று சிக்கி வெள்ளிபோல் மினுங்கும். வழவழப்பான பரப்பிலோ, நீர்த்த வண்ணம் பள்ளத்தைப் பற்றிக்கொண்டு தானாகவே ஓடும். மெல்லிய குழாயில் நீர் தானே ஏறும் நுண்புழை விளைவே இங்கும் செயற்படுகிறது.

கரைப்பான்கள் குறித்த எச்சரிக்கை

கடைகளில் கிடைக்கும் வண்ணங்கள் பெரும்பாலும் மூவகைப்படும்: நீரிலோ ஆல்கஹாலிலோ கரையும் அக்ரிலிக், டர்பன்டைன் வகைகளில் கரையும் எனாமல், தின்னரில் கரையும் லாக்கர். இவற்றுள் லாக்கரின் கரைப்பானே வன்மை மிக்கது. பெட்டியிலுள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அது கரைத்துவிடும்.

அக்ரிலிக் அடிப்படை வண்ணம், அதன்மேல் அக்ரிலிக் அல்லது லாக்கர் வகைப் பளபளப்புப் பூச்சு, கோட்டுக்கு எனாமல், துடைக்க மினரல் டர்பன்டைன் என்ற அமைப்பு பழகுநர்க்கு ஏற்றது. டர்பன்டைன் எனாமலை நீக்கும். நன்கு காய்ந்த கீழடுக்கைத் தீண்டாது. லாக்கர் பூச்சைத் தேர்ந்தால் அதனை மெல்லிய தூவலாகப் பலமுறை பூசவேண்டும். நனையும்படி பூசினால் கீழுள்ள வண்ணம் சுருங்கும். வண்ணம் பூசாத பிளாஸ்டிக்கில் எனாமல் நீர்மத்தைத் தேங்கவிடுவதும் தவறு. இறுக்கமாகப் பொருத்திய உறுப்புகள் அதனால் விரிசல் காண்பதுண்டு.

இதனை நாம் அறியாதவர் அல்லர், அறிந்தும் தவறினோம். தந்தையாரின் விமானத்துக்கு வெள்ளி வண்ணம் பூசி, வார்னிஷும் இட்டு, இரு இறக்கைகளின் கோடுகளிலும் எனாமல் ஊற்றிவிட்டோம். மறுநாள் காலை இடப்புற இறக்கையைத் துடைத்து முடிக்கும்போது டர்பன்டைன் தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பெயிண்ட் கடை மூடியிருந்தது. வீட்டில், கதவுக்கு வண்ணம் பூசியபோது எஞ்சிய தின்னர் ஒரு புட்டி இருந்தது. “இரண்டு துளிதானே” என்று வலப்புற இறக்கையைத் துடைத்தோம். முதல் துடைப்பில் எனாமல் போயிற்று. இரண்டாம் துடைப்பில் வெள்ளியும் பிரைமரும் போயின. பிளாஸ்டிக் இளகிப் பஞ்சின் இழைகள் அதில் ஒட்டிக்கொண்டன. கையை எடுத்துப் பார்த்தபோது, அவர் கீறிய கோடுகள் இறக்கையின் பாதிப் பரப்பில் மூடிப்போயிருந்தன.

மகள் அருகில் நின்றுகொண்டிருந்தாள். “தாத்தா போட்ட கோடு போச்சே அப்பா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. புதிய பெட்டி வாங்கலாம். அந்தக் கோடுகளை வாங்க இயலாது.

கடன் பெறுவதற்கு முன் அதனைத் திருப்பிச் செலுத்தும் வழியை எண்ணிப் பார்க்கவேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் நாம் நாள்தோறும் கூறுகிறோம். அதே நெறி இங்கும் பொருந்தும். ஒரு பூச்சை இடுமுன், அதை எதனால் நீக்குவது, நீக்கும்போது கீழடுக்கு பிழைக்குமா என்பதை அறிந்திருக்கவேண்டும். அறியும் வழி எளியது. உறுப்புகளை நறுக்கியபின் எஞ்சும் சட்டகக் குச்சியை எறியாமல் வைத்துக்கொண்டு, மாதிரிக்குப் பூசும் ஒவ்வொரு அடுக்கையும் அதிலும் பூசிவர வேண்டும். எந்த நீர்மத்தையும் முதலில் குச்சியில் துடைத்துப் பார்த்த பின்னரே மாதிரியைத் தொடவேண்டும்.

கோட்டை நிரப்புதல்

எனாமல் வண்ணம் ஒரு பங்குக்கு டர்பன்டைன் எட்டு முதல் பத்துப் பங்கு கலந்தால் போதும். தேநீர் வடிநீர்போல் ஓடவேண்டும். மெல்லிய தூரிகையின் நுனியை நனைத்து, இரு கோடுகள் சந்திக்கும் மூலையில் தொட்டால், நீர்மம் தானே கோட்டின் வழியே ஓடும். ஓட்டம் நின்ற இடத்தில் மீண்டும் தொடவேண்டும். தூரிகையால் கோட்டை ‘வரைய’ முயலவேண்டாம்.

அரைமணி நேரம் உலரவிட்டு, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த இயர் பட்டால், கோட்டுக்குக் குறுக்காகத் துடைக்கவேண்டும். நீளவாக்கில் துடைத்தால் பள்ளத்துள் இருப்பதும் வெளியேறிவிடும். இறுதியாக ஒருமுறை, விமானத்தின் முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கி மெல்ல இழுத்தால், எஞ்சிய மெல்லிய கறை காற்றோட்டத்தின் திசையில் படிந்து இயற்கையாக அமையும்.

நிறத் தேர்வுக்குச் சில குறிப்புகள்: வெள்ளைக்கு நடுத்தரச் சாம்பல், இளஞ்சாம்பலுக்கு அடர்சாம்பல், பச்சை, மஞ்சள், சிவப்புக்கு அடர்பழுப்பு, வெள்ளிக்கு அடர்சாம்பல். கறுப்புக்கு ஒத்த நிறத்தை, உண்மையிலேயே இடைவெளி உள்ள இடங்களில் மட்டும் பயன்படுத்தலாம். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்புகள், வால் சுக்கான், சக்கரக் கதவுகள் ஆகியவை அத்தகையன. எல்லாக் கோடுகளும் ஒரே அழுத்தத்தில் இராமல், அசையும் பகுதிகள் ஆழ்ந்தும் நிலையான தகடுகள் மெலிந்தும் தோன்றினால் கண் தானாகவே வேறுபாட்டை உணரும்.

எனாமல் கிடைக்காதோர் 0.5 மில்லிமீட்டர் எழுதுகோலைக் கூர்மையாகப் பிடித்துப் பள்ளத்தில் ஓட்டலாம். சிறுவர்க்கு இதுவே பாதுகாப்பான தொடக்கம்.

இறுதித் தொடுகைகள்

கோடுகள் உலர்ந்தபின் மங்கல் வார்னிஷ் பூசவேண்டும். மழை நாளிலும் ஈரக்காற்றிலும் தெளிப்புப் புட்டியைப் பயன்படுத்தினால் பூச்சில் வெண்மை படரும். எங்கள் ஊரில் ஐப்பசி மழை ஓய்ந்து, வெயில் காயும் பிற்பகலையே தேர்கிறோம். வெள்ளி வண்ண விமானத்துக்கு முழு மங்கல் வேண்டாம். இடைப்பட்ட பட்டு மினுக்கமே போதும்.

அடுத்து, பயன்பாட்டுத் தடங்கள். இதற்கு எங்கள் ஊரே நல்லாசான். சுரங்க வாய்களின் மேல் நின்ற இரும்புக் கோபுரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். துரு எங்கே தொடங்கும்? தறையாணியின் தலையிலும் தகட்டின் விளிம்பிலும், நீர் தங்கும் மூலையிலும் தொடங்கும். மழைநீர் இறங்கும் வழியே கீழ்நோக்கி ஒழுகும். சயனைடு மேடுகளின் தூசியோ மேலிருந்து படியும். தட்டையான பரப்பில் மிகுதியாகவும், செங்குத்துப் பரப்பில் குறைவாகவும் தங்கும். டம்பர் லாரி, புல்டோசர் முதலியவற்றின் மாதிரிகளைச் செய்வோர் இவற்றை அப்படியே பின்பற்றலாம்.

விமானம் செய்வோர் ஒன்றை மறக்கலாகாது. அலுமினியத்துக்குச் செந்துரு கிடையாது. இறக்கை முழுதும் செம்பழுப்பு ஒழுக்குகளை வரைவது அழகாகத் தோன்றினாலும் பொய்யாகும். விமானத்தில் காணத்தக்கவை எண்ணெய்க் கசிவு, பின்முனைப் புகைக்கறை, வண்ணம் உதிர்ந்து வெள்ளி தெரியும் விளிம்புகள், விமானி ஏறும் இடத்துத் தேய்வு ஆகியவையே. புகைக்கறைக்கு, வண்ணச் சுண்ணக் குச்சியை உப்புத்தாளில் தேய்த்த தூளை மென்தூரிகையால் தடவினால் போதும். உதிர்வுக்கு, நுரைப்பஞ்சுத் துண்டில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு, தாளில் பெரும்பகுதியை ஒற்றியெடுத்த பின் விளிம்பில் மட்டும் தட்டவேண்டும்.

எவ்வளவு போதும் என்ற ஐயம் எழும்போது உண்மை விமானத்தைப் பார்ப்பதே வழி. தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் சென்றால், கஸ்தூர்பா சாலையிலுள்ள விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் மாருத் விமானத்தைக் காணலாம். ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரிலேயே உருவாகி, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த போர் விமானம் அது. எச்.ஏ.எல். பாரம்பரிய மையத்திலும் விமானங்கள் பல உள்ளன. பத்தடி தொலைவில் நின்று பார்த்தால் எத்தனை கோடுகள் தெரிகின்றன, எவை தெரியவில்லை என்று குறித்துவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை ஆர்வத்துடன் செய்வர்.

தின்னர், டர்பன்டைன், தெளிப்புப் புட்டி ஆகியவற்றைக் காற்றோட்டமுள்ள இடத்தில், முகக்கவசம் அணிந்து, நெருப்புக்கு அப்பால் கையாளவேண்டும். சிறுவர் தனியே இருக்கும்போது இவற்றைப் பூட்டி வைப்பது கடமை. பயன்படுத்திய நீர்மத்தைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிய புட்டியில் தெளியவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம்.

திருத்தப் பதிவு

வங்கிப் பேரேட்டில் தவறான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. தவறு தவறாகவே அங்கு நிற்கும். அதற்குக் கீழே திருத்தப் பதிவு எழுதுகிறோம். வணிகவியல் வகுப்பில் நாம் கற்ற இந்நெறி, அந்த வலப்புற இறக்கையில் எங்களுக்கு உதவிற்று.

இளகிய பிளாஸ்டிக்கைத் தொடாமல் பத்து நாள்கள் கெட்டியாக விட்டோம். பின்னர் ஒட்டிய இழைகளை நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்து, பிரைமர் பூசினோம். இடப்புற இறக்கையின் கோடுகளைத் தாளில் படியெடுத்து, தாளைத் திருப்பி வலப்புறத்துக்கு வரைபடமாக்கினோம். கீறும் பணியை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். தகரப் பெட்டியிலிருந்த தாத்தாவின் ஸ்க்ரைபரையே எடுத்தாள். முதல் நாள் சட்டகக் குச்சியில் மட்டும் பழகினாள். நாளுக்கு இரண்டு கோடு என்ற கணக்கில், மூன்று வாரங்களில் முடித்தாள்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக் 21 விமானங்கள் விமானப்படையிலிருந்து விடைபெற்றன. 1963இல் தொடங்கிய அவற்றின் பணிக்காலம் நிறைவுற்ற அந்நாளில், எங்கள் வீட்டு மிக் 21 கூடத்து அலமாரியில் ஏறியது. அருகில் சென்று நோக்கினால் இரு இறக்கைகளும் ஒன்றுபோல் இல்லை. இடப்புறக் கோடுகள் நேராகவும் சீராகவும் ஓடுகின்றன. வலப்புறத்தில் ஓரிரண்டு சற்றே வளைந்துள்ளன. அவற்றைப் புட்டியிட்டுச் சரிசெய்யலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள் மகள். அப்படியே விட்டுவிட்டோம்.

வாசகர்கள் வீட்டிலும் பாதியில் நின்ற பெட்டி ஏதேனும் பரண்மேல் இருக்கக்கூடும். இவ்விடுமுறையில் அதை இறக்குங்கள். ஒரு சட்டகக் குச்சி, ஓர் ஊசி, ஒரு புட்டி டர்பன்டைன் ஆகியவற்றுடன் தொடங்குங்கள். புட்டி தீர்ந்துவிட்டால், கடை திறக்கும்வரை காத்திருங்கள்.